வால்குருவி குளிக்கும் நேரம்

இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமான தண்ணீரில் சின்னக் குருவிகள் இறங்கமாட்டா. பலருக்கு இது தெரிவதில்லை. பெரிய தொட்டியாகக் கட்டி, விளிம்புவரை நிரப்பிவிட்டு, காகம்தான் வருகிறது என்று குறைப்படுவார்கள். நான் கட்டிய தொட்டி ஒரு பக்கம் அரை அங்குலம், மறு பக்கம் இரண்டு அங்குலம். சீமெந்தில் கரித்தூள் கலந்து உள்ளே பூசினேன். அடி கறுப்பாக இருந்தால்தான் குருவியின் நிழல் தண்ணீரில் கண்ணாடிபோல் விழும்.

உங்கள் சஞ்சிகைக்காக இவ்வளவு தூரம் வந்து அந்தப் படத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். சந்தோஷம். கொழும்புக் கண்காட்சியில் அதற்கு முதற்பரிசு கொடுத்தபோது நடுவர்கள் எழுதிய குறிப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘அதிர்ஷ்டவசமாக அகப்பட்ட ஒரு கணம்’ என்று எழுதியிருந்தார்கள். அது 1974ஆம் ஆண்டு. நாலு வருடமாக அந்த வசனம் எனக்குள் முள்ளாகக் கிடக்கிறது. அந்தப் படத்தில் எதுவும் தானாக அகப்படவில்லை. ஒவ்வொன்றையும் நான்தான் செய்தேன். அதைச் சொல்லவே உங்களை இருக்கச் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

என் உத்தியோகம் படம் கீறுவது. அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் பாலம், மதகு, பொதுக்கிணறு எல்லாவற்றுக்கும் வரைபடம் கீறினேன். பாரம் எந்தப் பக்கம் சாயும், கயிறு எந்த இடத்தில் அறும் என்பதைத் தாளில் போட்டுப் பார்ப்பது எனக்குச் சோறு தின்பதுபோல. கமெரா பொழுதுபோக்கு. என்னிடம் இருந்தது இரட்டைக் கண் கமெரா. மேலிருந்து குனிந்து அதன் கண்ணாடிக்குள் பார்க்கவேண்டும். தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுக்கும் வில்லை அதற்குக் கிடையாது. ஆகவே குருவிதான் என்னிடம் வரவேண்டும், ஐந்தடிக்குள். மனிதனுக்கு ஐந்தடிக்குள் ஒரு குருவி வருவதற்குத் தாகத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

1971ஆம் ஆண்டு, உடுவிலில் என் வீட்டுப் பின்வளவில் தொட்டியைக் கட்டினேன். பக்கத்தில் தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்பு, உள்ளே ஒரு முக்காலி. தொட்டிக்கு மேலே குருவி வந்து நிற்பதற்கு ஒரு வேப்பங்கொப்பு நட்டேன். முதல் றோல் பிலிமைக் கழுவி, பிரதி எடுத்து, என் மனைவி மகாதேவியிடம் காட்டினேன்.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “குருவி எங்கையப்பா? உடுப்புக்கொடியும் வாழைக்குலையும்தான் வடிவா விழுந்திருக்கு.”

அவள் சொன்னது சரி. அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. படத்துக்கு வேண்டாதது எதுவோ, அதைப் படத்தில் அழிக்க முடியாது. நிலத்தில் நீக்கிவிட வேண்டும். மறுநாள் உடுப்புக்கொடியை அவிழ்த்தேன். பிறகு வாழை. பிறகு அவள் வைத்த மல்லிகைப் பந்தல்.

“உங்கடை குருவிக்கு இன்னும் என்னத்தை வெட்டப் போறியள்?”

“அந்தக் கறிவேப்பிலையை.”

இரண்டு நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. மறைப்புக்குள் இருப்பவனுக்கு அந்த அமைதி உதவியாகவே இருந்தது.

அடுத்த தொல்லை புலுனிகள். அவை ஏழாகச் சேர்ந்துதான் திரியும்; தொட்டியில் ஏழும் ஒன்றாக இறங்கினால் வேறு எந்தக் குருவிக்கும் இடமில்லை. கலைத்துப் பார்த்தேன், திரும்பி வந்தன. களிமண்ணை உருட்டிக் காயவைத்து, கவணால் ஐந்து நாளில் ஏழையும் முடித்தேன். அதன்பின் கொண்டைக்குருவி வந்தது, குண்டுக்கரிச்சான் வந்தது. குண்டுக்கரிச்சான் நல்ல பாட்டுக்காரன். ஆனால் கொப்பின் நடுவில்தான் வந்து நிற்பான். குருவி படத்தின் நடுவில் நின்றால் அது பாஸ்போட் படம். ஒரு பக்கமாக நின்று, தான் பார்க்கும் திசையில் கொஞ்சம் வெளி இருக்கவேண்டும். ஆகவே நிற்கக்கூடாத இடங்களில் எல்லாம் இலந்தை முள்ளைச் செருகினேன். ஒரேயொரு இடத்தை மட்டும் வெறுமையாக விட்டேன். ஒரு கிழமைக்குள் எல்லாக் குருவியும் அந்த இடத்தைக் கற்றுக்கொண்டன. தொடக்கத்தில் சிலவற்றின் காலில் இரத்தம் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது தெரியாது.

இவையெல்லாம் எந்தப் படக்காரனும் செய்கிற சின்னச் சின்ன ஒழுங்குகள். வேறு தண்ணீர் இருக்கும்வரை என் தண்ணீருக்கு மதிப்பில்லை என்பதுதான் பெரிய சங்கதி. சந்தியில் மாடுகள் குடிப்பதற்கென்று யாரோ புண்ணியத்துக்குக் கட்டிவிட்ட தொட்டி ஒன்று இருந்தது. அடியில் ஏற்கெனவே விரிசல். இரும்பு அலவாங்கால் நாலு குத்துக் குத்தினேன். மிச்சத்தை விரிசலே பார்த்துக்கொண்டது. றோட்டுக்கு அந்தப் பக்கம் தம்பிஐயாவின் வெங்காயத் தோட்டம். வெங்காயம் கிண்டி முடிந்ததால் அவர் இறைப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் கோழிக்கு ஒரு சட்டியில் தண்ணீர் வைப்பார். அதில் இரண்டு கரண்டி மண்ணெண்ணெய் விட்டேன். குருவிகள் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டு கோழிகள் செத்தன. தம்பிஐயா அதைக் கோழிநோய் என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சுன்னாகம் சந்தையில் விற்றுவிட்டார்.

இனிக் கமலாவதியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவள் எங்கள் பக்கத்து வளவு. வயது முப்பத்துநாலு, முப்பத்தைந்து இருக்கும். புருஷன் ஆழ்வாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கர். மாதத்தில் ஒரு தரம் ரெயிலில் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போவார். அவளும் மகள் மீனாம்பிகையும்தான் வீட்டில். மகளுக்கு எட்டு வயது. கமலாவதி சிரித்த முகம். துலாவில் தண்ணீர் அள்ளும்போது ஏதாவது பாடுவாள், அல்லது தனக்குள் கதைப்பாள். அவளுடைய கிணற்றடிக்கும் என் மறைப்புக்கும் நடுவே ஒரு கிடுகு வேலி, பதினெட்டு அடி. அளந்திருக்கிறேன்.

1972 மார்கழியில் அவளுடைய வாழைகளுக்குள் அந்த வால்குருவியைக் கண்டேன். தலை மட்டும் கறுப்பு, கொண்டை கறுப்பு, மற்றதெல்லாம் பால் வெள்ளை. வால் இரண்டு நாடாவாக ஒரு சாணுக்கு மேல் தொங்கும். பறக்கும்போது அந்த வால் காற்றில் எழுதிக்கொண்டு போவதுபோல இருக்கும். வடக்கே இருந்து ஐப்பசியில் வந்து பங்குனியில் திரும்பிவிடும். அது நடந்து வந்து தண்ணீரில் இறங்குகிற குருவி அல்ல. கொப்பில் இருந்து விழுந்து, நெஞ்சால் தண்ணீரைத் தொட்டு, அதே கொப்புக்குத் திரும்பும். ஒரு பின்னேரத்தில் மூன்று நாலு தரம் அப்படிச் செய்யும். அதற்குப் பிறகு இறகைக் கோதும். அந்த நேரம், அந்த வெயிலில், அந்த வால் என் கறுத்த தண்ணீரில் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதை நான் படுக்கையிலும் கந்தோரிலும் கண்டுகொண்டிருந்தேன்.

ஆனால் அது என் தொட்டிக்கு வரவில்லை. பின்னேரம் ஐந்தேகாலுக்குக் கமலாவதி தண்ணீர் இறைப்பாள். வாழைக்குப் போகிற வாய்க்காலில் தண்ணீர் ஓடும். வால்குருவி அங்கேதான் விழுந்து எழும்பும்.

நான் வேலியடியில் நின்று கேட்டேன். “தங்கச்சி, பின்னேரத்திலை தண்ணி இறைக்கிறதைக் கொஞ்ச நாளைக்கு நிப்பாட்ட ஏலுமோ?”

“ஏனண்ணை, கிணத்திலை ஏதும் விழுந்து கிடக்கோ?”

“இல்லை. அந்த வால்குருவி உங்கடை வாய்க்காலிலை குளிக்குது. அது என்ரை தொட்டிக்கு வரவேணும்.”

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். “அதுக்கென்ன, இஞ்சை வந்து எடுங்கோவன். நான் வேண்டாமெண்டே சொன்னனான்?”

போனேன். இரண்டு பின்னேரம் அவள் வளவில் கமெராவை வைத்துப் பார்த்தேன். நான் சொன்னதையெல்லாம் அவள் அலுக்காமல் செய்தாள். நீல வாளியை எடுத்தாள், பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தாள், கோழியைக் கூட்டில் விட்டாள். அப்படியும் படம் அமையவில்லை. அவள் இறைத்தால்தான் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். அவள் இறைக்கும்போது அவளுடைய சேலை படத்தின் மூலையில் விழும். தண்ணீரை வைத்துக்கொண்டு அவளை நீக்க அந்த வளவில் வழியே இருக்கவில்லை.

நான் கமெராவை மடக்குவதைப் பார்த்துவிட்டு, அவளாகவே சொன்னாள். “சரி அண்ணை, ஒரு கிழமைக்கு விடியக் காத்தாலை இறைக்கிறன். உங்கடை முகத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு.”

சொன்னபடி செய்தாள். ஆறாம் நாள், ஐந்து இருபதுக்கு, வால்குருவி வேலியைக் கடந்து வந்து என் வேப்பங்கொப்பில் நின்றது. முள்ளில்லாத அந்த ஒரே இடத்தில். இரண்டு தரம் தண்ணீரில் விழுந்தது. நான் மறைப்புக்குள் மூச்சுவிடாமல் இருந்தேன். என் கமெராவுக்குள் பிலிம் இல்லை.

அந்த வருடங்களில் நாட்டுக்குள் ஒரு சாமானும் வரவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் பிலிம் கிடையாது. எனக்குத் தெரிந்த குருநகர் ஆள், சிமியோன், கப்பலில் வேலை. அவர் வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய கப்பல் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே வெறும் கமெராவின் கண்ணாடிக்குள் குனிந்து, எடுக்க முடியாத அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொப்பை நாலு அங்குலம் இடப்பக்கம் தள்ளவேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய தண்ணீர் நின்றால் குருவி என்னிடம் வரும் என்பதும்.

எட்டாம் நாள் அவள் வேலியடிக்கு வந்தாள்.

“கோவிக்காதேங்கோ அண்ணை. பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வந்து குளிக்கோணும். வாழையும் வாடிப்போச்சு. நான் பழையபடி பின்னேரம் இறைக்கப் போறன்.”

“பரவாயில்லைத் தங்கச்சி.”

“அது அடுத்த வருசமும் வரும்தானே?”

அடுத்த வருடமும் வரும் என்று ஒரு குருவியைப் பற்றி யாரால் சொல்ல முடியும்? இருந்தாலும் நான் தலையாட்டினேன்.

பங்குனி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிமியோன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“இந்தாங்கோ ஐயா, ரெண்டு றோல். உடுப்புப் பெட்டிக்குள்ளை மறைச்சுக் கொண்டந்தனான். ஒண்டு கொஞ்சம் நனைஞ்சுபோச்சு, குறை நினையாதேங்கோ.”

நனைந்தது ஒன்றுக்கும் உதவாது. மிச்சம் ஒரு றோல், பன்னிரண்டு படம். வடக்கே போகிற குருவிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. காலையில் கேட்கும் சத்தங்கள் நாளுக்கு நாள் குறைந்தன. வால்குருவி மட்டும் நின்றது. இன்றைக்கா நாளைக்கா என்று நின்றது.

கமலாவதியிடம் இன்னொரு தரம் கேட்டிருக்கலாமே என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாள், அது எனக்கும் தெரியும். ஆனால் ஒருவரிடம் ஒரே உதவியை இரண்டு தரம் கேட்பது எனக்குக் கூச்சம். சிறுவயதிலிருந்தே நான் அப்படி.

வியாழக்கிழமையைத் தெரிந்தெடுத்து, கந்தோருக்கு லீவு போட்டேன். மகாதேவி அச்சுவேலியில் ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் போவதாக இருந்தது, இருட்டியபிறகுதான் திரும்புவாள். மீனாம்பிகைக்கு வியாழனில் பள்ளிக்கூடத்தோடு சங்கீத வகுப்பு, வீட்டுக்கு வர ஆறு மணியாகும். மற்ற நாட்களில் அந்தப் பிள்ளை தாயோடு கிணற்றடியில் நிற்கும். பிள்ளை நிற்கிற நாளில் நான் அதைச் செய்திருக்கமாட்டேன். என்னை நீங்கள் இரக்கமில்லாதவன் என்று எழுதிவிடக்கூடாது.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கமலாவதி பங்கீட்டுக் கூப்பனை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்குப் போனாள். பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்றுவர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். நான் வேலியில் ஒரு கிடுகை விலக்கிக்கொண்டு போனேன். துலாவில் வாளி தொங்கும் கயிற்றைத்தான் துலாக்கொடி என்போம். அதை இழுத்துக் கட்டி, துலாவின் நுனிக்கு இரண்டு முழம் கீழே, பென்சில் சீவுகிற கத்தியால் வெட்டினேன். மூன்று புரிக் கயிறு. இரண்டு புரியை முழுதாக அறுத்தேன். மூன்றாவதைப் பாதி. வெட்டு வெளியே தெரியாமல் சேறு பூசினேன். கொடியை விட்டதும் துலா மேலே போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நேர்த்தியான வேலை.

கொடி அறும், வாளி கிணற்றுக்குள் போகும், புதுக்கொடி வாங்கிக் கட்ட இரண்டு மூன்று நாள் செல்லும், அதற்குள் என் பன்னிரண்டு படமும் முடிந்துவிடும். நான் நினைத்தது இவ்வளவுதான். யாராவது கேட்டால் சொல்வதற்கு இதை ஆயத்தமாக வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். கொழும்பில் குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவருக்குத் துலா விளங்காது, சொல்கிறேன். துலா என்றால் ஒரு காலின்மேல் ஏறி இறங்கும் நீண்ட மரம்; அதன் பின்பக்கத்தில் பாரம் கட்டியிருக்கும். நிறைந்த வாளியை மேலே கொண்டுவருவது சுகம், பாரமே தூக்கிவிடும். வெறும் வாளியைக் கீழே இறக்கத்தான் பலம் வேண்டும். கிணற்றின்மேல் குனிந்து, இரண்டு கையாலும் கொடியைப் பிடித்து, உடம்பு முழுவதையும் அதில் போட்டு இழுக்கவேண்டும். அந்த நேரம் கைக்கு மேலே கொடி அறுந்தால் வாளி மட்டும் விழாது. என் உத்தியோகத்தில் பதினான்கு துலாக்களுக்குப் படம் கீறியிருக்கிறேன். இழுக்கிற ஆள் எந்தப் பக்கம் சாய்வார் என்று அம்புக்குறியும் போட்டிருக்கிறேன்.

நாலரைக்கே மறைப்புக்குள் போய்விட்டேன். றோலைப் போட்டேன். வேகம் விநாடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு. வெயில் என் முதுகுப் பக்கமிருந்து சரிந்து தொட்டியின்மேல் விழுந்தது. பின்னால் ஆறு கெஜத் தூரத்துக்கு ஒன்றுமில்லை, நிழல் மட்டும். நான் வெட்டியதற்கெல்லாம் பலன் கண்ணாடிக்குள் தெரிந்தது.

ஐந்து பதினாறுக்குக் கமலாவதி கிணற்றடிக்கு வந்த காலடி கேட்டது. பாடிக்கொண்டுதான் வந்தாள். துலா ஒரு தரம் முனகியது. அதன்பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது கண்ணாடியை. ஒரு சத்தம், பிறகு தண்ணீர்ச் சத்தம், பாரம் நிலத்தில் மோதிய அதிர்வு. வாழையிலிருந்து வால்குருவி கலைந்து மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றியது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. நேரே என் கொப்புக்கு வந்தது.

பெண்ணின் குரல் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு காட்டுக்குருவி எப்படி நிற்கும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நாள்தோறும் அவளுடைய பாட்டையும் கதையையும் கேட்டுக்கொண்டே குளித்த குருவி அது. அந்தக் குரலுக்கு அது பயப்படவேயில்லை.

முதல் இரண்டு படமும் சுமார். மூன்றாவதில் தலை திரும்பிவிட்டது. பிறகு விழுந்து எழும்பத் தொடங்கியது. ஒவ்வொரு தரமும் கைப்பிடியைச் சுற்றிப் பிலிமை நகர்த்த எனக்கு இரண்டு விநாடி போதும், ஆனால் சத்தம் கேட்காமல் சுற்றவேண்டும், ஆகவே பத்து விநாடி எடுத்தேன். ஏழாவதுதான் நீங்கள் சுவரில் பார்க்கிற படம். கொப்பில் ஒரு பக்கமாக நிற்கிறது. வால் வளைந்து கீழே வந்து, தன் நிழலைத் தொடுகிறது. அது விழுந்து எழும்பிய வட்டம் இன்னும் கலையவில்லை. பொத்தானை அமத்தும்போதே எனக்குத் தெரியும், இதுதான் என்று. அப்படியும் மிச்ச ஐந்தையும் எடுத்தேன். ஒரு றோலைப் பாதியில் விட்டு எழும்புவது சரியான பழக்கமல்ல. எட்டாவது, ஒன்பதாவது எடுக்கும்வரை கிணற்றில் சத்தம் இருந்தது. பத்தாவதில் இல்லை.

பன்னிரண்டும் முடிய, குருவி இறகைக் கோதிவிட்டுத் தானாகப் பறந்து போனது. நான் றோலை எடுத்து, அதன் பசைத்தாளை நாக்கால் நனைத்து ஒட்டி, சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டேன். கமெராவை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன். அதன்பிறகு வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடி, “ஐயோ, ஆராவது ஓடி வாங்கோ” என்று கத்தினேன். நேரம் ஐந்து முப்பத்தைந்து.

தம்பிஐயாதான் முதலில் வந்து, கயிறு கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். துலாவின் நுனியில் தொங்கிய கொடித்துண்டு அவர் தலையில் விழுந்துவிடக்கூடாது என்று நான் அதை அவிழ்த்து எடுத்தேன். அது பிறகு எங்கள் அடுப்புக்குள் போயிற்று. கமலாவதியை மேலே கொண்டுவந்தபோது அவளுடைய விரல்களில் நகம் உடைந்திருந்தது. கிணற்றுக் கட்டுக் கல்லைப் பிடித்திருக்கிறாள்.

தம்பிஐயா ஈரத்தோடு நிலத்தில் குந்திக்கொண்டு அழுதார். “பழங்கொடி. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். மாத்து பிள்ளை எண்டு சொல்ல வாயெடுக்கேல்லையே நான்.”

மறுநாள் காலை ரெயிலில் ஆழ்வாப்பிள்ளை வந்தார். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னதும் அதைத்தான். “புதுக்கொடி வாங்கித் தாறன் எண்டு தை மாசமே சொன்னனான் அண்ணை. போன முறை வந்தும் மறந்துபோனன். நான்தான் அவளைக் கொன்றது.”

“அப்பிடிச் சொல்லாதையும் தம்பி,” என்றேன். “உம்மிலை ஒரு பிழையும் இல்லை.” அந்த வளவில் அன்றைக்கு அப்படி உறுதியாகச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

மரண விசாரணைக்குக் கிணற்றின் வரைபடம் ஒன்று தேவைப்பட்டது. ஆழம், கட்டின் உயரம், துலாக்காலின் இடம். பக்கத்து வளவில் படம் கீறுகிறவன் இருக்கும்போது வேறு ஆளை ஏன் தேடவேண்டும்? நானே அளந்து கீறிக் கொடுத்தேன். விபத்து என்று முடிந்தது.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்பார்கள் அல்லவா, செத்தவரின் படமும் தேவாரமும் போட்ட சின்னப் புத்தகம். அதற்கு ஒரு வாரம் முன்னால் ஆழ்வாப்பிள்ளை வந்தார். “அண்ணை, நீங்கள் ஒரு வால்குருவி எடுக்கப் பாடுபட்டதைக் கடிதத்திலை எழுதியிருந்தவள். அந்தக் குருவியெண்டால் அவளுக்கு உயிர். படம் கிடைச்சதோ?” நான் ஏழாவதைக் கொடுத்தேன். பின்னட்டையில் போட்டார். நல்ல தாள் கிடைக்காத காலம். அச்சுக்காரன் வாலின் நுனியை வெட்டிவிட்டான். அது எனக்குப் பெரிய மனவருத்தம்.

தகப்பனும் மகளும் கொழும்புக்குப் போய்விட்டார்கள். வளவு பூட்டிக் கிடக்கிறது. வாழை பட்டுப்போயிற்று. அடுத்த ஐப்பசியில் வால்குருவி வரவில்லை. அதற்கு அடுத்த வருடமும் இல்லை. என் தொட்டியில் இப்போதும் தினம் தண்ணீர் விடுகிறேன். மகாதேவி மட்டும் அன்றிலிருந்து பின்வளவுக்குப் போவதில்லை. ஒரேயொரு நாள் சாப்பாடு போடும்போது கேட்டாள். “நீங்கள் அண்டைக்கு மறைப்புக்குள்ளைதானே இருந்தனீங்கள்?” நான் ஓம் என்றேன். அவள் சோற்றுப் பானையை மூடினாள்.

விசாரணை அதிகாரியும் ஒரு கேள்விதான் கேட்டார். பதினெட்டு அடியில் இருந்தீர்கள், சத்தம் ஒன்றும் கேட்கவில்லையா என்று. கேட்டது, செண்பகம் என்று நினைத்தேன் என்றேன். செண்பகத்தின் கூவல் குழிக்குள்ளிருந்து வருவதுபோல ஆழமாகத்தான் இருக்கும். குருவிகளைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லாதபடியால் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வசனத்தை மட்டும் நீங்கள் திருத்தி எழுதலாம். செண்பகம் அல்ல. நாலாவது படத்துக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் “சோமண்ணை” என்று கூப்பிட்டாள். ஆறாவதுக்குப் பிறகும் கூப்பிட்டாள். நான் மறைப்புக்குள் இருப்பது அவளுக்குத் தெரியும்; அந்த நேரத்தில் நான் வேறெங்கும் இருப்பதில்லை. ஒன்பதாவதுக்கு முன் ஒரு வசனம் முழுதாகச் சொன்னாள். மூச்சு வாங்கியது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. “அண்ணை, மீனா வாற நேரம். பிள்ளையைக் கிணத்தடிக்கு விடாதேங்கோ.”

ஆறு மணிக்குப் பிள்ளை சங்கீதக் கொப்பியோடு வந்தபோது, சனத்தை விலக்கிக்கொண்டு போய் வாசல் படலையில் மறித்து, தம்பிஐயா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நான். கமலாவதி கேட்டு நான் செய்யாமல் விட்டது என்று ஒன்றும் கிடையாது.